கட்டுரைப் பதிவையும் மேற்கோள் கணக்கையும் ஒழுங்குபடுத்துவது எப்படி? புவிவேதியியல், தொல்லுயிரியல் ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

உதவிப் பேராசிரியர் பணி, போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி), ஆய்வு நிதி என்று எதற்கு விண்ணப்பித்தாலும் படிவத்தில் சில கட்டங்கள் தவறாமல் இருக்கும்: ஆர்கிட் எண் (ஆய்வாளரின் அடையாள எண்), ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளம் தரும் ஆசிரியர் எண், மொத்த மேற்கோள்கள் (உங்கள் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பது), மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இண்டெக்ஸ். நிரப்ப உட்காரும்போதுதான் தெரியவரும், கட்டுரைகளில் பாதி ஒரு பெயரிலும் மீதி வேறு பெயர்களிலும் சிதறிக் கிடக்கின்றன என்று. கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதைச் சரிசெய்ய முடியாது. பாறை மாதிரியில் அருமண் தனிமங்களை அளப்பவர்களும், அரியலூர்ப் பக்கம் அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவம் தேடுபவர்களும், ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய உயிரிகளின் ஓடுகளில் ஐசோடோப் பார்ப்பவர்களுமாக நம் துறையில் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டிக்கொள்கிறோம். நானும் நிறைய அலைந்தேன். நீங்கள் அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும்.

1. முதலில் பெயரை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ஆனால் ஆய்விதழ்களின் இணையப் படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது.

செந்தில்குமார் என்பது உங்கள் பெயர், அப்பா பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் ‘செந்தில்குமார், எம்.’ என்று வருகிறது. அடுத்ததில் இடைவெளி விட்டு எழுதியதால் ‘குமார், எஸ். எம்.’ ஆகிறது. மூன்றாவதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி நிரப்பினீர்கள். அது ‘முருகன், எஸ்.’ என்று பதிவாகி, மேற்கோள் முழுவதும் அப்பா பெயரில் போய்ச் சேருகிறது. தரவுத்தளத்துக்கு இவர்கள் மூன்று தனித்தனி ஆட்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான். குடும்பப் பெயர் கட்டத்தில் உங்கள் சொந்தப் பெயரை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாகப் போடுங்கள். முதல் பெயர் கட்டத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். அப்போது மேற்கோளில் ‘செந்தில்குமார், எம்.’ என்று வரும். நாம் வழக்கமாக எழுதும் பெயரும் அதுதானே. ஒற்றை எழுத்து இனிஷியலை மட்டும் கொடுத்தால் அதே பெயருள்ள மற்றவர்களின் கட்டுரைகளோடு கலந்துவிடும்.

ஏற்கெனவே சில கட்டுரைகள் வந்துவிட்டன என்றால், அதிகக் கட்டுரைகள் எந்த வடிவத்தில் இருக்கின்றனவோ அதையே தொடருங்கள். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றும் எண்ணமிருந்தால், கட்டுரைகளில் மட்டுமாவது பழைய பெயரையே வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பணி நேர்காணலில் கேட்பார்கள். இரண்டும் ஒருவரே என்று துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்திருங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். த, ழ, ச ஒலிகளை ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் எழுதாதீர்கள். நிறுவனப் பெயருக்கும் இதே விதிதான். சென்னைப் பல்கலைக்கழகத்தை ஒரு கட்டுரையில் ‘யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்றும் இன்னொன்றில் ‘மெட்ராஸ் யுனிவர்சிட்டி’ என்றும் எழுதினால், மென்பொருள் உங்களைச் சரியாக அடையாளம் காணும் வாய்ப்பு குறைகிறது.

2. எல்லாக் கட்டுரைகளுக்கும் ஒரே பட்டியல்

எந்தத் தளத்துக்கும் போகும் முன் ஒரு எக்செல் கோப்பைத் திறந்து, வெளிவந்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: தலைப்பு, ஆசிரியர்கள் அச்சான வரிசையில், இதழ், ஆண்டு, தொகுதி, பக்கம், டிஓஐ (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்), ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), உங்கள் பெயர் அதில் எப்படி வந்திருக்கிறது என்பது. இந்தக் கடைசி நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

கூடவே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கோப்புறை. அதில் இருக்க வேண்டியவை: ஏற்பு மின்னஞ்சல், இறுதி வடிவ பிடிஎஃப், முதல் பக்கம் தனியாக, தொடர்புக்குரிய ஆசிரியர் (கட்டுரை பற்றி இதழோடும் வாசகரோடும் தொடர்பில் இருப்பவர்) நீங்கள் என்றால் அதற்கான சான்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில், இரண்டுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தால் முதல் அல்லது தொடர்புக்குரிய ஆசிரியருக்கு 70 சதவீதமும் மற்றவர்களுக்குத் தலா 30 சதவீதமும் மதிப்பெண் என்று இருக்கிறது. புவிவேதியியல் கட்டுரைகளில் மாதிரி எடுத்தவர், மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இயக்கியவர், விளக்கம் எழுதியவர் என்று ஆறேழு பேர் இருப்பது சாதாரணம். யார் தொடர்புக்குரிய ஆசிரியர் என்பதைக் கட்டுரையை அனுப்பும் முன்பே கைடிடமும் கூட்டாளிகளிடமும் பேசி முடித்துவிடுங்கள். வெளிவந்த பிறகு அதை மாற்ற இதழ்கள் எளிதில் சம்மதிப்பதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஏற்ற இதழ்களின் பழைய யூஜிசி-கேர் பட்டியலில் இருந்த இதழில் எழுதியிருக்கிறீர்களா? அந்தப் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். கட்டுரை வந்த காலத்தில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டோ அச்சுப்படியோ இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். ‘கேர் பட்டியலில் உள்ளது’ என்று இன்றைக்கும் விளம்பரம் செய்யும் இதழை நம்ப வேண்டாம்.

3. ஆர்கிட் எண்

செலவு இல்லை, சில நிமிட வேலை. 16 இலக்க எண் கிடைக்கும். சிலருக்குக் கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதில் ‘எக்ஸ்’ வரும், அது பிழையல்ல.

பதியும்போது கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேருங்கள். பிஎச்டி முடிந்து வெளியே வந்தபின் கல்லூரி மின்னஞ்சலை முடக்கிவிடுவார்கள். கடவுச்சொல்லும் மறந்துபோனால் கணக்குக்குள் நுழைய வழியே இருக்காது. அப்படி மாட்டிக்கொண்டு இரண்டாவது எண் வாங்கியவர்கள் பலர். ஒருவருக்கு ஒரு எண்தான். ஏற்கெனவே இரண்டு இருந்தால், கணக்கு அமைப்புகளில் நகல் பதிவை நீக்கி ஒன்றோடு சேர்க்கும் வசதி இருக்கிறது.

உள்ளே போனதும் செய்ய வேண்டியவை மூன்று. ‘வேறு பெயர்கள்’ பகுதியில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். யார் பார்க்கலாம் என்பதை ‘எல்லோரும்’ என்று வையுங்கள். ‘நான் மட்டும்’ என்று விட்டால் தேர்வுக் குழுவுக்கு வெற்றுப் பக்கம்தான் தெரியும். அப்புறம், டிஓஐ பதியும் அமைப்புகளான கிராஸ்ரெஃப், டேட்டாசைட் இரண்டுக்கும் அனுமதி கொடுங்கள். இனி வரும் கட்டுரையில் உங்கள் ஆர்கிட் எண் இருந்தால் அது தானாகவே பட்டியலில் சேரும். பழைய கட்டுரைகளைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். டிஓஐ கொடுத்தால் விவரங்கள் தானே வந்துவிடும்.

4. கூகுள் ஸ்காலர் பக்கம்

இதுவும் இலவசம். பெயர், நிறுவனம் எழுதி, நிறுவன மின்னஞ்சலைச் சரிபார்த்ததும் ‘இவை உங்கள் கட்டுரைகளா?’ என்று தொகுதி தொகுதியாகக் காட்டும். மொத்தமாக ஆம் என்று அழுத்தாதீர்கள். அதே பெயரில் மருத்துவம் படித்தவர், பொறியியல் படித்தவர் கட்டுரைகளெல்லாம் கலந்து வரும். மற்றவர் கட்டுரை உங்கள் பக்கத்தில் இருப்பதை நேர்காணலில் யாராவது கண்டுபிடித்தால், தெரியாமல் வந்தது என்று சொல்லி நம்பவைப்பது கடினம். புதுக் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை மாற்றி, முதலில் மின்னஞ்சலில் கேட்கும்படி வையுங்கள்.

நம் துறைக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. தலைப்பில் டெல்ட்டா குறியும் மேல்குறியாக 18ம் வரும் ஆக்சிஜன் ஐசோடோப் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் கிரேக்க எழுத்தாகவும், இன்னொரு இடத்தில் வெறும் ‘டி18ஓ’ ஆகவும், வேறொருவர் பட்டியலில் ‘டெல்ட்டா’ என்று எழுத்திலும் வந்திருக்கும். ஸ்காலர் இவற்றைத் தனித்தனிக் கட்டுரைகளாகக் காட்டி மேற்கோள்களைப் பிரித்துப் போடும். அந்த வரிகளை டிக் செய்து ‘மெர்ஜ்’ அழுத்தி, இதழில் வந்த சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். சேர்த்த பிறகு மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தெரியலாம், பரவாயில்லை. ஆனால் உண்மையிலேயே வேறான இரண்டு கட்டுரைகளைச் சேர்க்கக் கூடாது. மாநாட்டுச் சுருக்கமும் முழுக் கட்டுரையும் ஒன்றல்ல.

புதிதாக எழுதுபவர்களுக்கு: தலைப்பில் குறியீட்டைத் தவிர்த்து ‘ஆக்சிஜன் ஐசோடோப்’ என்றே எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

5. ஸ்கோபஸ்: பொறுமை வேண்டிய இடம்

ஸ்கோபஸில் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதில் இடம்பெறும் இதழில் உங்கள் கட்டுரை வந்தாலே ஆசிரியர் எண் தானாக உருவாகிவிடும். தொல்லையும் இதனால்தான் வருகிறது. மூன்று பெயர் வடிவம் இருந்தால் மூன்று எண் உருவாகும்.

கல்லூரியில் சந்தா இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஸ்கோபஸ் பிரிவியூ பக்கத்தில் ஆசிரியர் தேடல் இலவசம். ஸ்கோபஸை நடத்தும் எல்ஸ்வியர் பதிப்பகத்தின் தளத்தில் கணக்கு ஒன்று தொடங்கினால் போதும். இரண்டாம் படியில் குறித்து வைத்த பெயர் வடிவங்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டும் தேடுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிடைத்த எல்லாப் பதிவுகளையும் தேர்ந்தெடுத்து, ஒன்றாக இணைக்கும்படி கோரிக்கை அனுப்புங்கள். அப்போது எந்தப் பெயர் முதன்மையாக நிற்க வேண்டும் என்று கேட்கும். முதல் படியில் முடிவு செய்ததைக் கொடுங்கள். அடுத்து, பட்டியலில் உங்களுடையது அல்லாத கட்டுரைகள் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். நிறுவன மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் சரிபார்ப்பு எளிது.

உடனே மாறாது. சில வாரங்கள் ஆகலாம், இடையில் கூடுதல் சான்று கேட்டு மின்னஞ்சல் வரலாம். ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருங்கள். பதில் போகாவிட்டால் கோரிக்கையை மூடிவிடுவார்கள். இணைப்பு முடிந்ததும் மீதமிருக்கும் எண்ணை ஆர்கிட்டோடு இணையுங்கள். இணைக்கும் முன்பே படிவங்களில் ஒரு எண்ணைக் கொடுத்திருந்தால் அது மறைந்துபோயிருக்கலாம், சரிபாருங்கள்.

மேற்கோள் விடுபட்டிருந்தால் அது வேறு வகைக் கோரிக்கை. ஒருவர் உங்கள் கட்டுரையைக் குறிப்பிட்டிருப்பார், ஆனால் அவருடைய நூற்பட்டியலில் ஆண்டோ பக்க எண்ணோ தவறாக இருக்கும். ஸ்கோபஸ் அதை உங்கள் கட்டுரையோடு பொருத்தியிருக்காது. எந்தக் கட்டுரை, எத்தனையாவது மேற்கோள் என்று குறித்து, அந்தப் பக்கத்தின் பிடிஎஃப்பையும் இணைத்து அனுப்பினால் திருத்துவார்கள்.

இன்னொன்று: ஸ்கோபஸ் சில இதழ்களைப் பட்டியலிலிருந்து நிறுத்திவிடும். இதழின் பக்கத்தில் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கும். கட்டுரை அனுப்பும் நாளிலேயே அதைப் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உண்மையான இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வழியே போகாமல், ஸ்கோபஸ் பக்கத்திலோ பதிப்பாளரின் சொந்தத் தளத்திலோ தேடி இதழுக்குள் போங்கள்.

6. வெப் ஆஃப் சயின்ஸ், வித்வான்

ஸ்கோபஸ் போன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸில் ஆய்வாளர் பக்கம் தொடங்கச் சந்தா தேவையில்லை. ரிசர்ச்சர் ஐடி அங்கேயே கிடைக்கும். பப்ளான்ஸ் தளம் 2022-ல் இதனுடன் இணைந்துவிட்டதால், நீங்கள் மற்றவர் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்த பதிவும் இங்கே சேரும். இன்ஃப்ளிப்நெட் நடத்தும், இந்திய ஆய்வாளர்களின் விவரத் தளமான வித்வான் பக்கமும் இலவசம். ஆர்கிட் எண்ணைக் கொடுத்துக் கட்டுரைகளை இழுத்துக்கொள்ளலாம். ஆர்கிட் சரியாக இருந்தால் இவை இரண்டும் ஒரு மாலை நேர வேலைதான்.

7. எண்களைக் கணக்கிட்டு எழுதுவது

எச்-இண்டெக்ஸை இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்தார். கணக்கு எளிது. குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 5 இருந்தால் எச்-இண்டெக்ஸ் 5, ஆறாறு பெற்றவை 6 இருந்தால் 6. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கை இறங்கும் வரிசையில் அடுக்குங்கள்: 41, 18, 9, 6, 5, 4, 0. ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, ஆறாவதுக்கு 4 மட்டுமே. ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்றவை இரண்டு என்பதால், ஸ்காலர் காட்டும் ஐ10-இண்டெக்ஸ் 2. இப்போது 6 மேற்கோள் பெற்ற அந்த ஒரு கட்டுரை வேறு ஸ்கோபஸ் எண்ணில் சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்-இண்டெக்ஸ் 4 ஆகிவிடும். பதிவுகளை இணைக்க இவ்வளவு மெனக்கெடுவது இதற்காகத்தான்.

மூன்று தளங்களில் மூன்று எண் வரும். ஸ்காலர் ஆய்வேடு, அறிக்கை, முன்பதிப்பு (இதழில் வரும் முன் இணையத்தில் வைக்கும் வடிவம்) எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோள்களைச் சேர்ப்பதால் அதில் அதிகமாக இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுதாமல் வெறும் எண்ணைக் கொடுக்காதீர்கள். படிவத்தில் ஸ்கோபஸ் என்று கேட்டால் ஸ்கோபஸ் எண்தான். விண்ணப்பிக்கும் நாளில் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமியுங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும், இதழுக்குரிய எண், உங்களுக்குரியது அல்ல. ஆண்டுதோறும் ஜூன் வாக்கில், வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் வெளியிடுகிறது. அந்தப் பெயரை ஒட்டி வேறு யாரோ விற்கும் எண்கள் இதழ் முகப்புகளில் தொங்கிக்கொண்டிருக்கும். தேர்வுக் குழு அவற்றை ஏற்காது.

8. தொல்லுயிரியல்காரர்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது

இந்த எண்கள் நம் துறையின் ஒரு பாதிக்கு அநியாயம் செய்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். குளோபிஜெரினா புல்லாய்டிஸ் என்ற ஃபோராமினிஃபெராவை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்காலக் கடல் வெப்பநிலையை அளக்கும் புவிவேதியியலாளர்கள் அதன் ஓடுகளை அரைத்தும் கரைத்தும் எண்ணற்ற கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். பெயருக்குப் பின்னால், அதை முதலில் விவரித்தவரையும் ஆண்டையும் குறிக்க, ‘தொர்பினி, 1826’ என்று போடுவார்கள். ஆனால் அந்த 1826 நூல் பெரும்பாலும் நூற்பட்டியலில் இருக்காது. நூற்பட்டியலில் இல்லாவிட்டால் எந்தத் தளமும் அதை மேற்கோளாக எண்ணாது. புதிய இனத்தை விவரித்து நீங்கள் எழுதும் கட்டுரைக்கும் இதேதான் நடக்கும். இம்பாக்ட் ஃபேக்டரோ முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பார்க்கிறது. இன விவரிப்புக் கட்டுரையைப் பல பத்தாண்டுகள் கழித்தும் தேடி எடுப்பார்கள்.

ஆகவே சில வேலைகள். உங்கள் கட்டுரைகளில் இனப்பெயரை முதலில் விவரித்தவரின் கட்டுரையை நூற்பட்டியலில் சேருங்கள், கூட்டாளிகளிடமும் இதைக் கேளுங்கள். நீங்கள் விவரித்த இனங்களை வேறு யாரெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று புதைபடிவத் தரவுத்தளமான பேலியோபயாலஜி டேட்டாபேஸிலும் ஸ்காலரிலும் இனப்பெயரையே கொடுத்துத் தேடி, விண்ணப்பத்தில் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். குழுவில் பெரும்பாலும் வேறு துறையினர்தான் உட்கார்ந்திருப்பார்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

புதிய விலங்கினப் பெயரை இணையத்தில் மட்டும் வரும் இதழில் வெளியிடுகிறீர்கள் என்றால், வெளியாகும் முன்பே, விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவுச் சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். 2012 முதல் இதுதான் விதி. விடுபட்டால் பெயரே செல்லாது. பதிவு இலவசம். இதழ் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல் புரூஃப் வரும்போது நீங்களே தேடிப் பாருங்கள். பிஎச்டி மாணவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும் முன் புதிய இனப்பெயரை இதழில் வெளியிட்டுவிடுங்கள். முடியாவிட்டால் ஆய்வேட்டில் ‘புதிய இனம் 1’ என்று மட்டும் எழுதுங்கள்.

புவிவேதியியல் பக்கம் இருப்பவர்கள் தனிம அளவுகளின் அட்டவணையைக் கட்டுரையின் பின்னிணைப்பில் புதைக்காமல் எர்த்கெம், ஜெனோடோ போன்ற தரவுக் களஞ்சியத்தில் போடுங்கள். அதற்கென்று தனி டிஓஐ கிடைக்கும், ஆர்கிட்டிலும் சேரும், மற்றவர்கள் தரவையே மேற்கோள் காட்டலாம். செலவு இல்லை.

9. எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

மேலே சொன்ன எந்தத் தளத்துக்கும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். ‘ஆர்கிட், ஸ்காலர் புரொஃபைல் செய்து தருகிறோம்’ என்று கட்டணம் கேட்பவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசிரியரிடம் வாங்கும் ஓப்பன் ஆக்சஸ் கட்டணம் வேறு விஷயம். பெரிய பதிப்பாளர்களின் பல புவியியல் இதழ்களில் அது 3,000 டாலருக்கு மேல் போகும். ஆனால் அதே இதழ்களில் வாசகர் சந்தா கட்டிப் படிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஏற்பு வந்தபின் தோன்றும் உரிமப் பக்கத்தில் அவசரப்பட்டு அழுத்தாமல் படித்துப் பாருங்கள். பேலியோன்டாலஜியா எலெக்ட்ரானிகா போல ஆசிரியரிடமும் வாசகரிடமும் காசு வாங்காத நல்ல இதழ்களும் இருக்கின்றன. முன்பதிப்பை எர்த்ஆர்க்கைவ் என்ற முன்பதிப்புத் தளத்தில் இலவசமாக வைக்கலாம். அதற்கு முன் இதழ் அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘ஸ்கோபஸ் கட்டுரை, 30 நாளில் உறுதி’, ‘இரண்டாவது ஆசிரியர் இடம் காலி’, ‘50 மேற்கோள் இவ்வளவு’ என்று வரும் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள். பின்னால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் ‘ரிட்ராக்டட்’ என்ற முத்திரையோடு உங்கள் பெயர் நிரந்தரமாக இணையத்தில் நிற்கும். வேலையில் சேர்ந்த பிறகும் அது துரத்தும்.

10. எப்போது தொடங்குவது

விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்பு. முதல் வாரத்தில் பெயர், பட்டியல், ஆர்கிட், ஸ்காலர் நான்கையும் முடித்து, அதே வாரத்தில் ஸ்கோபஸ் கோரிக்கையை அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் காத்திருப்பு அங்கேதான். புதுக் கட்டுரை வெளிவந்தவுடன் ஸ்கோபஸில் தெரியாது. ஸ்காலரில் சீக்கிரம் வரும், ஸ்கோபஸில் வர மாதங்கள்கூட ஆகலாம். அப்படி நடுவில் நிற்கும் கட்டுரையை விண்ணப்பத்தில் விட்டுவிடாமல், டிஓஐயும் இதழின் ஸ்கோபஸ் பக்க ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்துக் காட்டுங்கள்.

அதற்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், எல்லாத் தளங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வேலை மாறினால் பழைய நிறுவன மின்னஞ்சல் மூடப்படும் முன்பே ஸ்காலரிலும் ஸ்கோபஸிலும் புது மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள்.